திறந்து பார்க்காமல் ஏற்றப்படும் பழைய என்ஜின்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தைக்கு வந்து போகும் சரக்கு வாகனங்களைப் பழுது பார்க்கும் பட்டறை ஒன்றை இருபத்தாறு ஆண்டுகளாக நடத்தி வருகிறேன். பழைய பிக்கப் வண்டியின் என்ஜின் கெட்டுப் போனால், வேறொரு வண்டியிலிருந்து கழற்றிய என்ஜினை வாங்கி வந்து, அதன் அடியில் உள்ள எண்ணெய்த் தட்டான ஆயில் சம்ப்பைக்கூடக் கழற்றிப் பார்க்காமல் அன்று மாலையே வண்டியில் ஏற்றிவிடும் வழக்கம் எங்கள் பகுதியில் பெருகிவிட்டது. இந்த ஆண்டு தை மாதத்திலிருந்து மட்டும், அப்படி என்ஜின் ஏற்றி மூன்று மாதம்கூட ஓடாமல் நின்றுபோன நான்கு வண்டிகள் என் பட்டறைக்கு இழுத்து வரப்பட்டன. நான்கிலும் இருந்த குறை, ஏற்றுவதற்கு முன்பு ஒருவர் உட்கார்ந்து திறந்து பார்த்திருந்தால் கண்ணில் பட்டிருக்கக்கூடிய குறைதான். அதனால்தான் இந்த நீண்ட கடிதத்தை எழுதுகிறேன்.

பிறர் செய்த தவற்றை மட்டும் சொல்லி என்னுடையதை மறைப்பது நியாயமாகாது. நான்கு ஆண்டுகளுக்கு முன், புரட்டாசியில், எங்கள் ஊர்க்காரர் ஒருவரின் பொலேரோ பிக்கப்பில் என்ஜின் சீஸ் ஆகி, சுற்ற முடியாமல் இறுகிவிட்டது. அவர் வெளியூர்க் கடை ஒன்றில் அதே வகை 2,523 சிசி டி.ஐ. (டீசலை நேராகச் சிலிண்டருக்குள் தெளிக்கும்) என்ஜினை வாங்கி வந்தார். "அண்ணே, வெள்ளிக்கிழமை தவணை கட்டணும், இன்னைக்கு ராத்திரியே லோடு ஏத்தணும், எப்படியாவது மாட்டிக் கொடுத்துருங்க" என்று அவர் நின்றபோது, எனக்கும் மறுக்க மனம் வரவில்லை. ஆயிலை மாற்றினேன், ஃபில்டரை மாற்றினேன், ஸ்டார்ட் செய்து பார்த்தேன். சத்தம் சுத்தமாக இருந்தது, புகை இல்லை. நல்ல என்ஜின் என்று என் வாயாலேயே சொல்லி அனுப்பினேன்.

பதினோராம் நாள் இரவு, எழுபது பெட்டி தக்காளியோடு பாலக்காடு போன அந்த வண்டி பொள்ளாச்சியைத் தாண்டியதும் நின்றது. உடுமலைப்பேட்டை வரும்போதே, வேகம் குறைந்து என்ஜின் மெதுவாக ஓடும் நேரத்தில் ஆயில் விளக்கு எரிந்து, ஆக்ஸிலேட்டரை மிதித்தவுடன் அணைந்திருக்கிறது. என்ஜின் நன்றாக இருக்கிறது என்று நான் சொல்லியிருந்ததால், சுவிட்ச் கெட்டுவிட்டது போலும் என்று ஓட்டுநர் நினைத்துக்கொண்டார். அவர் மேல் குற்றமில்லை. தக்காளியை வேறு வண்டிக்கு மாற்றுவதற்குள் விடிந்துவிட்டது. பாதிச் சரக்கு விலை போகவில்லை.

வண்டியைக் கொண்டு வந்து சம்ப்பை இறக்கிப் பார்த்தேன். எனக்கு முன்பு அந்த என்ஜினில் கை வைத்த யாரோ ஒருவர், சம்ப் கேஸ்கெட்டுக்குப் பதிலாக சிலிக்கான் பேஸ்ட்டைத் தாராளமாகப் பிதுக்கி ஒட்டியிருக்கிறார். வெளியே வழிந்ததைத் துடைத்தவர் உள்ளே வழிந்ததை மறந்துவிட்டார். உள்ளே வழிந்தது மண்புழு போல நீளமாகக் காய்ந்து, சூட்டில் துண்டு துண்டாக உதிர்ந்து, ஆயில் பம்ப்பின் சல்லடையில் போய் அடைத்துக்கொண்டிருந்தது. ஒரு ரூபாய் நாணயம் அளவு இடம்தான் அந்தச் சல்லடையில் திறந்திருந்தது. பிஸ்டனைக் கிராங்க் தண்டோடு இணைக்கும் மூன்றாவது கனெக்டிங் ராடின் பேரிங் இடம் பெயர்ந்து சுற்றிக்கொண்டு, கிராங்க் சூட்டில் நீலம் பாய்ந்து கிடந்தது. சம்ப்பைக் கழற்றிச் சல்லடையைச் சுத்தம் செய்ய முக்கால் மணி நேரம் போதும். அந்த முக்கால் மணி நேரத்தை நான் செலவழிக்கவில்லை. அதற்குப் பிறகு, திறந்து பார்க்காத பழைய என்ஜினை எந்த வண்டியிலும் ஏற்றுவதில்லை என்று முடிவு செய்தேன். இன்றுவரை அதை மீறவில்லை, அதனால் சில வாடிக்கையாளர்களை இழந்ததும் உண்டு.

பழைய என்ஜின் வாங்குவதே தவறு என்று நான் சொல்லவில்லை. பதினைந்து ஆண்டு ஓடிய பிக்கப்புக்குப் புது என்ஜின் வாங்கினால் வண்டியின் மதிப்பை என்ஜினின் விலை தாண்டிவிடும். சென்னை புதுப்பேட்டை போன்ற இடங்களில் பழைய உதிரி பாகம் விற்பவர்களிடம் தலைமுறை தலைமுறையாக வந்த தொழிலறிவு இருக்கிறது. அவர்களால்தான் பல ஏழைகளின் வண்டி இன்றும் ஓடுகிறது. விபத்தில் முன்புறம் நசுங்காமல் பின்புறம் மட்டும் சிதைந்த வண்டியின் என்ஜின், நம் கெட்ட என்ஜினைவிடப் பல ஆண்டு நன்றாக உழைக்கும். ஆனால் கடையில் இருப்பது பாதி வேலை முடிந்த பொருள். மீதி வேலை பட்டறையில் நடக்க வேண்டும்.

அந்த வேலை, வந்த என்ஜினில் தொடங்குவதில்லை; செத்துப்போன என்ஜினில் தொடங்குகிறது. பழைய என்ஜின் ஏன் கெட்டது என்று கேட்காமல் அதை இரும்பு விலைக்குப் போட்டுவிட்டு, புதிதாக வந்ததை அதே ரேடியேட்டரோடும் அதே ஏர் ஃபில்டர் குழாயோடும் இணைப்பவர்கள், அதே சாவைத்தான் இரண்டாவது முறையும் விலை கொடுத்து வாங்குகிறார்கள். ரேடியேட்டர் பாதி அடைத்திருந்து, சிலிண்டர்களின் மேல்மூடியான ஹெட் வளைந்திருந்தால், அடுத்த என்ஜினின் ஹெட்டும் வளையும். ஏர் ஃபில்டருக்கும், காற்றை அழுத்தி என்ஜினுக்குள் தள்ளும் டர்போவுக்கும் நடுவில் உள்ள ரப்பர் குழாய் வெடித்திருந்து, செம்மண் புழுதி உள்ளே போய், பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங் தேய்ந்திருந்தால், அடுத்த என்ஜினின் ரிங்கும் தேயும். ஆகவே கெட்ட என்ஜினைத் திறந்து காரணம் தெரிந்த பிறகே கடைக்குப் போகச் சொல்கிறேன். அதிலிருந்து எடுத்துக்கொள்ளக்கூடிய நல்ல பாகங்களும் அப்போதுதான் தெரியும். ஹெட், பம்ப், டர்போ ஆகியவற்றில் ஒன்றாவது பெரும்பாலும் பிழைத்திருக்கும்.

கடையில் பார்க்க வேண்டியவை அதிகமில்லை. என்ஜின் எண் பொறித்த இடத்தில் அரம் ஓட்டிய தடமோ புதிய பெயின்ட்டோ இருந்தால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் திரும்பிவிட வேண்டும். என்ஜினின் முக்கிய உடலான பிளாக்கில் வெல்டிங் தடம், உடைந்த காது, திரெட் போன துளை ஆகியவற்றை வெளிச்சத்தில் தேட வேண்டும். முன்பக்கப் புல்லியின் போல்ட்டில் ராட்செட்டைப் போட்டு இரண்டு முழுச் சுற்று சுற்றிப் பார்த்தால், எங்காவது பிடிக்கிறதா, ஒரு சிலிண்டர் மட்டும் எதிர்ப்பில்லாமல் நழுவுகிறதா என்பது கைக்கே தெரியும். மூடாமல் வெட்ட வெளியில் ஐப்பசி மழையில் கிடந்த என்ஜினில், திறந்திருக்கும் வால்வ் வழியாகத் தண்ணீர் இறங்கி, சிலிண்டர் சுவரில் வளையம் போலத் துரு ஏறியிருக்கும். வெளியே டீசல் அடித்துக் கழுவிப் பளபளப்பாக வைத்திருப்பதைக் கண்டு ஏமாறக் கூடாது. ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றி உட்புறத்தைத் தடவினால் பால்கோவா நிறத்தில் பிசின் ஒட்டுகிறதென்றால் ஆயிலில் தண்ணீர் கலந்திருக்கிறது.

இவை எல்லாவற்றையும்விட நம்பத் தகுந்தது, சிலிண்டருக்குள் காற்று எவ்வளவு அழுத்தப்படுகிறது என்று காட்டும் கம்ப்ரஷன் கேஜ். ஸ்டார்ட்டர் மோட்டாரையும் நல்ல பேட்டரியையும் வைத்து, டீசலைத் தூவும் நாசிலின் துளையில் கேஜைப் பொருத்திச் சுற்றினால், நல்ல நிலையில் உள்ள டீசல் என்ஜினில் ஒவ்வொரு சிலிண்டரும் ஏறத்தாழ 25 முதல் 30 பார் (அழுத்தத்தின் அலகு) வரை காட்டும். அளவு சற்றுக் குறைவாக இருப்பதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். நான்கு சிலிண்டருக்கும் இடையே 3 பாருக்கு மேல் வேறுபாடு இருந்தால், குறைந்த சிலிண்டரில் ரிங்கோ வால்வோ ஹெட் கேஸ்கெட்டோ போய்விட்டது என்று பொருள். என்ஜினை ஓட விட்டுக் காட்டும் கடையாக இருந்தால் ஆயில் மூடியைத் திறந்து பேக் கம்ப்ரஷன் (ரிங்கைத் தாண்டிக் கசிந்து வரும் வாயு) எவ்வளவு வருகிறது என்று பார்ப்பது எல்லாருக்கும் தெரிந்த முறை. ஆனால் கனமான ஆயிலை ஊற்றி அதைச் சில நிமிடங்களுக்கு மறைத்துவிட முடியும். கேஜை ஏமாற்றுவது அவ்வளவு எளிதல்ல.

இன்னொன்றையும் இங்கே சொல்லிவிடுகிறேன். டீசல் பம்ப் இயந்திர முறையில் ஓடும் பழைய டி.ஐ. வண்டிக்கு, விலை மலிவாகக் கிடைக்கிறது என்று கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் டீசல் தெளிக்கும் காமன் ரெயில் என்ஜினை வாங்கி வருபவர்கள் இருக்கிறார்கள். பிளாக் ஒரே அளவாகத் தெரிந்தாலும், அதன் கம்ப்யூட்டர், வயரிங், சென்சார்கள் எதுவும் இல்லாமல் அது ஓடாது. என்ஜின் வகை எழுத்தையும் எண்ணையும் பழையதோடு ஒப்பிட்ட பிறகே பணம் கொடுக்க வேண்டும்.

இனி திறக்கும் வேலை. பட்டறைக்கு வந்த என்ஜினில் முதலில் நான் கழற்றுவது பழைய ஆயில் ஃபில்டர். அதைத் தூக்கி எறியாமல், தகட்டை அறுத்து உள்ளே உள்ள காகித மடிப்பை விரித்து வெயிலில் பிடித்துப் பார்க்கிறேன். அந்த என்ஜினின் கடைசி சில ஆயிரம் கிலோமீட்டர்களின் வரலாறு அந்த மடிப்பில் இருக்கிறது. கறுப்பாக மட்டும் இருந்தால் கவலையில்லை. வெள்ளி போல மின்னும் துகள் பிஸ்டனிலிருந்தோ பேரிங்கின் மேல் பூச்சிலிருந்தோ வந்தது. செம்பு நிறத் துகள், பேரிங்கின் மேல் பூச்சு தேய்ந்து அடித்தளம் வரை போய்விட்டதைச் சொல்கிறது. காந்தத்தில் ஒட்டும் துகள் கியர், கேம், ரிங் ஆகியவற்றில் ஒன்றின் தேய்மானம். விற்றவர் என்ன சொன்னார் என்பது எனக்கு அதன் பிறகு முக்கியமில்லை.

அடுத்து என்ஜினை ஸ்டாண்டில் கவிழ்த்துச் சம்ப்பை இறக்கி, சல்லடையைக் கழற்றிக் கழுவி, கனெக்டிங் ராட் மூடிகளை ஒவ்வொன்றாகக் கழற்ற வேண்டும். கழற்றும் முன் ராடிலும் மூடியிலும் ஒரே எண்ணைக் குத்திவிட வேண்டும். இரண்டும் சேர்த்து வைத்துத் துளையிடப்பட்டவை என்பதால் ஒன்றின் மூடி மற்றொன்றுக்கு ஒருபோதும் பொருந்தாது. பேரிங்கின் முகம் சாம்பல் நிறத்தில் மங்கலாக, மெல்லிய கோடுகளோடு இருந்தால் அது இயல்பான தேய்மானம். நடுவில் செம்பு தெரிந்தால் மாற்ற வேண்டும். ஓரத்தில் மட்டும் தேய்ந்திருந்தால் ராட் வளைந்திருக்கிறது, அதை லேத் பட்டறையில் சரிபார்க்க வேண்டும். பேரிங்கை மாற்றுவது பெரிய செலவில்லை என்பதால் எப்படியிருந்தாலும் புதிதாகவே போடுகிறேன். ஆனால் கிராங்கை அளக்காமல் புது பேரிங் போடுவது வீண். மைக்ரோமீட்டரை, கிராங்கில் பேரிங் உட்காரும் ஒவ்வொரு ஜர்னலிலும் இரண்டு திசையில் வைத்துப் பார்த்தால் முட்டை வடிவமாகத் தேய்ந்திருப்பது தெரிந்துவிடும். தேய்ந்திருந்தால் 0.25 அல்லது 0.50 மி.மீ. குறைத்து கிரைண்டிங் செய்து, அதற்கேற்ற பேரிங் வாங்க வேண்டும். கிரைண்டிங் முடிந்து வந்த கிராங்கின் எண்ணெய்த் துளைகளுக்குள் அரைத்த கல்தூள் தங்கியிருக்கும். நீண்ட பிரஷ்ஷை உள்ளே விட்டு டீசலால் கழுவி, காற்றடித்து, மறுமுனையில் வெள்ளைத் துணியைப் பிடித்துப் பார்த்து, துணியில் கறை வராத வரை விடக் கூடாது. இந்த ஒரு வேலையைத் தவறவிட்டு, புதிதாகக் கிரைண்டிங் செய்த கிராங்க் 200 கிலோமீட்டரில் பாழானதை நான் பார்த்திருக்கிறேன்.

சிலிண்டர்களுக்கு வருகிறேன். 2,523 சிசி என்ஜினில் சிலிண்டரின் விட்டம் 88.9 மி.மீ., பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 101.6 மி.மீ.; பழைய அங்குலக் கணக்கில் மூன்றரைக்கு நான்கு. ஹெட்டைக் கழற்றியதும் சிலிண்டரின் மேல் விளிம்புக்குச் சற்றுக் கீழே நகத்தை ஓட்டிப் பார்க்க வேண்டும். மேல் ரிங் போய் நிற்கும் இடத்துக்கு மேலே தேயாத பகுதி ஒரு படிக்கட்டு போல நிற்கும். நகம் அதில் நன்றாக மாட்டினால் தேய்மானம் அதிகம். நகம் சந்தேகத்தை மட்டும் கிளப்பும், தீர்ப்பைச் சொல்வது சிலிண்டரின் உள்விட்டத்தை அளக்கும் டயல் போர் கேஜ். மேலே, நடுவே, கீழே என மூன்று உயரத்தில், கிராங்குக்கு நேராகவும் குறுக்காகவும் என ஆறு அளவுகளை எடுத்துச் சுவரில் சாக்பீஸால் எழுதி வைக்கும் பழக்கம் எனக்கு உண்டு. உரிமையாளரும் வந்து பார்த்துக்கொள்ளலாம். தயாரிப்பாளர் சொன்ன எல்லைக்குள் இருந்தால் சிலிண்டரை ஹோனிங் செய்து புது ரிங் போட்டால் போதும். கண்ணாடி போல வழவழப்பாகிவிட்ட சிலிண்டரில் புது ரிங் உட்காராது. குறுக்கும் நெடுக்குமாகக் கீறல் விழுந்தால்தான் அதில் ஆயில் தங்கி ரிங் பதியும். ரிங்கைச் சிலிண்டருக்குள் வைத்து, பிஸ்டனால் சமமாகத் தள்ளி, வாய் இடைவெளியை ஃபீலர் கேஜால் பார்க்க வேண்டும். இந்த விட்டத்துக்கு ஏறத்தாழ 0.3 முதல் 0.45 மி.மீ. வரை இருக்கலாம். எல்லையைத் தாண்டிய சிலிண்டருக்கு ரிங் மட்டும் மாற்றித் தருகிறேன் என்று சொல்பவரிடம் வண்டியைக் கொடுக்க வேண்டாம். அங்கே சிலிண்டரைப் பெரிதாகக் கடையும் போரிங்கோ, உள்ளே பொருத்தும் புது உறையான ஸ்லீவோதான் வழி.

ஹெட்டைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். நேர்த்தகட்டை நீளவாக்கிலும் மூலைவாட்டத்திலும் வைத்து, அடியில் 0.05 மி.மீ. ஃபீலர் நுழைகிறதா என்று பார்க்க வேண்டும், 0.10 நுழைந்தால் ஃபேசிங் (முகத்தைக் கடைந்து சமமாக்குவது) தேவை. இரண்டு வால்வ் சீட்டுகளுக்கு நடுவில் உள்ள ஒடுங்கிய பாலத்தில் முடி போன்ற விரிசல் விழுவது வழக்கம். லேத் பட்டறையில் தண்ணீர் வழிகளைத் தகடு வைத்து மூடி, காற்றை ஏற்றி, வெந்நீர்த் தொட்டியில் முக்கிக் குமிழி வருகிறதா என்று பார்த்துத் தருவார்கள். பிஸ்டன் பிளாக்கின் மட்டத்துக்கு மேலே எவ்வளவு எழுகிறது என்பதை அளந்த பிறகே கேஸ்கெட் வாங்க வேண்டும், ஏனெனில் பல டீசல் என்ஜின்களுக்கு இரண்டு மூன்று கனங்களில் கேஸ்கெட் வருகிறது. ஹெட் போல்ட் துளைகளில் தேங்கிய ஆயிலையும் தண்ணீரையும் காற்றடித்து வெளியேற்றாமல் போல்ட்டை இறுக்கினால், டார்க் ரெஞ்ச் சரியான அளவைக் காட்டும், ஹெட் மட்டும் இறுகியிருக்காது.

எங்கள் பகுதிக்காரர்களிடம் நான் தனியாக மன்றாடிக் கேட்பது தண்ணீர்ப் பாதையைப் பற்றி. இங்குள்ள ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் கடினமானது. குடத்தின் அடியில் வெள்ளையாகப் படியும் அதே உப்புதான், ரேடியேட்டரில் ஊற்றினால் சிலிண்டரைச் சுற்றியுள்ள அறைகளிலும் படிகிறது. வாட்டர் பம்ப் முன்னால் இருப்பதால், ஃப்ளைவீலை ஒட்டிய கடைசி சிலிண்டரைச் சுற்றி ஓட்டம் மெதுவாகி, துருவும் சுண்ணாம்பும் அங்கேதான் இறுகிக் கிடக்கும். சென்ற மாதம் வந்த ஓர் என்ஜினில், பிளாக்கின் பக்கவாட்டில் தண்ணீர் அறையை மூடியிருக்கும் சிறு தகட்டு மூடிகளான வெல்ஷ் பிளக்குகளைத் தட்டி எடுத்துவிட்டு, வளைத்த கம்பியால் நான்காவது சிலிண்டரைச் சுற்றிச் சுரண்டியபோது, இரண்டு கொட்டாங்குச்சி நிறையச் செங்காவிச் சேறு வந்தது. காய்ந்த பிறகு கையால் உடைக்க முடியாத சேறு அது. அந்த என்ஜினின் கம்ப்ரஷன் நான்கிலும் ஒன்று போல் இருந்தது, பேரிங் நன்றாக இருந்தது, ஆயில் சுத்தமாக இருந்தது. அப்படியே ஏற்றியிருந்தால் ஒட்டன்சத்திரத்திலிருந்து கொடைக்கானல் மலை ஏறும் முதல் லோடிலேயே அந்த நான்காவது பிஸ்டன் பிடித்திருக்கும். தண்ணீர் அறையை வெளியிலிருந்து எந்தக் கேஜாலும் பார்க்க முடியாது. வெல்ஷ் பிளக்குகளைக் கழற்றித்தான் பார்க்க வேண்டும், அவற்றின் விலையும் மிகக் குறைவு. இரும்பு பிளாக்கை காஸ்டிக் சோடாத் தொட்டியில் ஊற வைப்பது நல்ல முறை. அலுமினிய பாகம் எதையும் அதில் போட்டுவிடக் கூடாது, அரித்துவிடும். வேலை முடிந்த பிறகு கூலன்ட்டை ஊற்றுங்கள். கூலன்ட் கலக்கக் குழாய்த் தண்ணீரை அல்ல, பேட்டரிக்கு ஊற்றும் தண்ணீரைப் பயன்படுத்துங்கள்.

என்ஜின் வெளியே இருக்கும்போதே முடித்துவிட வேண்டிய சில வேலைகள் உண்டு: முன், பின் ஆயில் சீல், வாட்டர் பம்ப், தெர்மோஸ்டாட், கிளட்ச் பிளேட், பைலட் பேரிங், என்ஜின் மவுன்ட் ரப்பர். பின் சீல் கசிந்தால், அதற்காகவே கியர் பாக்ஸை மறுபடி இறக்க வேண்டியிருக்கும். டீசல் பம்ப்பையும் நாசில்களையும் பம்ப் சர்வீஸ் கடையில் பெஞ்சில் ஏற்றிப் பார்த்துவிட வேண்டும், ஏனெனில் டீசலைத் தூவாமல் ஒழுகவிடும் ஒரு நாசில், மேலே சொன்ன அத்தனை உழைப்பையும் தாண்டி ஒரு பிஸ்டனில் ஓட்டை போட்டுவிடும். டர்போவின் தண்டைக் கையால் ஆட்டிப் பார்த்து, அதற்கு ஆயில் கொண்டுபோகும் மெல்லிய குழாயில் கரி அடைத்திருந்தால் குழாயையே மாற்ற வேண்டும்.

முதல் ஸ்டார்ட்டில் அவசரம் கூடாது. டர்போவின் ஆயில் துளையில் கொஞ்சம் ஆயிலை ஊற்றி, ஃபில்டரை ஆயிலால் நிரப்பிப் பொருத்தி, டீசல் போகாதபடி நிறுத்திவிட்டு, ஆயில் விளக்கு அணையும் வரை சிறிது சிறிதாக ஸ்டார்ட்டரைச் சுற்ற வேண்டும். அதன் பிறகுதான் கைப் பம்ப்பால் டீசல் பாதையில் உள்ள காற்றை எடுத்துவிட்டு ஸ்டார்ட் செய்வது. என்ஜின் பிடித்ததும் ஆக்ஸிலேட்டரை முறுக்கிச் சத்தம் காட்டுவது நம் பட்டறைகளில் ஒரு கொண்டாட்டமாகவே ஆகிவிட்டது. சுற்றத் தொடங்கிய டர்போவுக்கு ஆயில் சென்று சேரும் முன் செய்யும் கொண்டாட்டம் அது, தயவுசெய்து விட்டுவிடுங்கள். முதல் 500 கிலோமீட்டர் வரை பாதி லோடு ஏற்றி, பிறகு ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றி, அந்த ஃபில்டரையும் அறுத்துப் பார்க்க வேண்டும்.

இவை எல்லாவற்றுக்கும் என் பட்டறையில் ஐந்து முதல் எட்டு நாள் ஆகிறது. வண்டி நிற்கும் ஒவ்வொரு நாளும் வருமானம் போகிறது, தவணை மட்டும் நிற்பதில்லை என்பதை நான் அறியாதவன் அல்ல. அந்த எட்டு நாளைப் பொறுக்க முடியாதவர்கள், ஹெட்டைக் கழற்றாவிட்டாலும் மூன்று வேலைகளையாவது செய்யச் சொல்லிக் கேளுங்கள்: ஃபில்டரை அறுத்துப் பார்ப்பது, சம்ப்பைக் கழற்றிச் சல்லடையையும் இரண்டு பேரிங்கையும் பார்ப்பது, வெல்ஷ் பிளக்கைக் கழற்றித் தண்ணீர் அறையைச் சுரண்டுவது. இதற்கு ஒரு நாள் போதும். என் பட்டறைக்கு இழுத்து வரப்பட்ட அந்த நான்கு வண்டிகளில் மூன்று, இந்த ஒரு நாள் வேலையால் தப்பித்திருக்கும்.

காகித வேலையையும் என்ஜின் வேலையின் ஒரு பகுதியாகவே கருதுகிறேன். மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன் 52-ஆம் பிரிவு வாகனத்தில் செய்யும் மாற்றங்களைப் பற்றியது. என்ஜினை மாற்றினால் பதிவு அதிகாரிக்குத் தெரிவித்து, பதிவுச் சான்றான ஆர்.சி.யில் புதிய எண்ணைப் பதியச் செய்ய வேண்டும் என்பதும், ஒப்புதல் பெறாமல் மாற்றியிருந்தால் 14 நாளுக்குள் அறிவிக்க வேண்டும் என்பதும் அதில்தான் வருகின்றன. பலர் இதைச் செய்வதில்லை. எட்டு ஆண்டைத் தாண்டிய சரக்கு வாகனம் ஆண்டுதோறும் தகுதிச் சான்றான எஃப்.சி.க்குப் போயாக வேண்டும் என்பதால், எண் மாறியிருப்பது அங்கே தெரிந்துவிடுகிறது. அதற்கு முன் விபத்து நேர்ந்தால் காப்பீட்டில் சிக்கல் வருகிறது. அதைவிட மோசமானது, திருட்டு வண்டியின் என்ஜினைத் தெரியாமல் வாங்கியவர் காவல் நிலையத்தில் போய் நிற்பது. வாங்கும்போதே கடையின் பில்லையும், அந்த என்ஜின் இருந்த வண்டியின் ஆர்.சி. நகலையும் கேட்டுப் பெற வேண்டும். வண்டி கடனில் இருந்தால் நிதி நிறுவனத்தின் எழுத்துப்பூர்வமான ஒப்புதலும் தேவைப்படும்.

பழைய என்ஜின் விற்கும் வணிகர்களிடம் தங்கள் நாளிதழ் வழியாக ஒன்று கேட்க விரும்புகிறேன். விற்கும் ஒவ்வொரு என்ஜினோடும் ஒரு தாளைக் கொடுங்கள். என்ஜின் எண், அது எந்த வண்டியிலிருந்து எப்போது கழற்றப்பட்டது, நான்கு சிலிண்டரின் கம்ப்ரஷன் அளவு, அளந்த தேதி, கடை முத்திரை, இவ்வளவு போதும். கேஜ் ஒன்றின் விலை ஒரு என்ஜினில் கிடைக்கும் லாபத்துக்குள் அடங்கிவிடும். உத்தரவாதம் கொடுங்கள் என்று கேட்கவில்லை, பழைய பொருளுக்கு யாராலும் உத்தரவாதம் கொடுக்க முடியாது என்பது எனக்குத் தெரியும். அளந்ததை எழுதிக் கொடுங்கள் என்றுதான் கேட்கிறேன். நம் மாவட்டத் தொழிற்பயிற்சி நிலையங்களில் டீசல் மெக்கானிக் படிக்கும் மாணவர்களை வைத்து, சிறு கட்டணத்துக்கு இப்படி அளந்து சான்று தரும் ஏற்பாட்டைச் செய்தால், மாணவர்களுக்கும் கை பழகும், வாங்குபவருக்கும் துணையாக இருக்கும்.

பொள்ளாச்சி அருகே நின்றுபோன அந்த வண்டியின் என்ஜினை என் சொந்தச் செலவில் கிராங்க் கிரைண்டிங் செய்து, புது பேரிங், புது ரிங் போட்டு ஏற்றிக் கொடுத்தேன். இன்றும் அது வாரம் மூன்று முறை பாலக்காடு போய் வருகிறது. அதன் உரிமையாளரின் அனுமதியோடுதான் இதை எழுதியிருக்கிறேன்.

இப்படிக்கு,
மோட்டார் மெக்கானிக் ஒருவர்,
ஒட்டன்சத்திரம், திண்டுக்கல் மாவட்டம்.